மணியோசை கேட்கும் வீட்டில் ஒரு கெய்ரின் சைக்கிள்

ஜப்பானில், தோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் பந்தய அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். பந்தயம் இருக்கும் நாட்களில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் மணிச் சத்தம் வரும். கடைசி ஒன்றரைச் சுற்று மிச்சம் இருக்கும்போது அடிக்கத் தொடங்குவார்கள். முதலில் நிதானமாக, போகப் போக விடாமல். அது கேட்டால் சமையலறையில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன்.

அந்தப் பந்தயங்களில் ஓடிய ஒரு பழைய சைக்கிளை வாங்கி, மூன்று மாதம் அதோடேயே கிடந்து, திரும்ப ஓட வைத்திருக்கிறேன். அதன் படத்தைப் பார்த்த நண்பர்கள் பலர் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கெய்ரின் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானிய நகரங்கள் சாம்பலாகக் கிடந்த காலத்தில், உள்ளாட்சிகளுக்குப் பணம் திரட்டுவதற்காக, பணம் கட்டி ஆடும் சைக்கிள் பந்தயத்துக்கு அரசு அனுமதி கொடுத்தது. அதுதான் கெய்ரின். 1948 நவம்பரில் கொகுராவில் முதல் பந்தயம் நடந்தது. அடுத்த வருடமே கவாசாகிக்கும் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கெய்ரினைச் சேர்த்தார்கள். ஆனால் எங்கள் அரங்கத்துக்குப் போனால் ஒலிம்பிக் வாடையே இருக்காது. காதில் பென்சில் செருகிய பெரியவர்கள் தாளை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். பின்னால் குடல் குழம்பு கொதிக்கும் வாசனை. நம் ஊர்க் குடல் குழம்பு மாதிரி காரம் கிடையாது, மிசோ என்ற புளித்த சோயா விழுது போட்டது. குளிர்காலத்தில் அதைக் குடித்துக்கொண்டு, முப்பது பாகைக்கும் மேல் சாய்ந்து நிற்கும் வளைவில் ஒன்பது நிறச் சட்டைகள் சரிந்து வருவதைப் பார்த்தால் வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

ஒன்பது பேரும் தனித்தனியாக ஓடுவதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரே வட்டாரத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேராக வரிசை பிடிப்பார்கள். முன்னால் போகிறவர் காற்றை நெஞ்சில் வாங்குவார், பின்னால் வருகிறவர் அந்த நிழலில் வந்து கடைசியில் பாய்வார். முன்னவருக்குப் பல நேரம் முதலிடம் கிடைக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பணம் கட்டுகிறவன் ஓட்டுபவரின் காலை நம்பித்தான் கட்ட வேண்டும், கருவியை நம்பி அல்ல. அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சைக்கிள்: இரும்புக் குழாய்கள், கியர் மாற்றும் வசதி இல்லை, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல் இல்லை, பிரேக்கும் இல்லை. இதைக் கண்காணிக்க 1957இல் ஒரு அமைப்பு வந்தது. அதன் ஜப்பானியப் பெயரின் சுருக்கம்தான் என்ஜேஎஸ். அவர்கள் ஒப்புக்கொண்ட பொருளில் அந்த மூன்று எழுத்தைப் பொறித்திருப்பார்கள். ஃபிரேம், பெடலைத் தாங்கும் கிராங்க், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், பெடல், சீட் என்று எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மூலையில் அந்த முத்திரை இருக்கும். உலகமே கார்பனுக்குப் போன பிறகும் இந்த ஒரு பந்தயத்துக்காக ஜப்பானில் சின்னச் சின்னப் பட்டறைகளில் இரும்பை அளந்து வெட்டிப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒசாகா பக்கம் நாகசாவா அப்படி ஒருவர். கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்றாரே, அவர் ஓட்டியது நாகசாவா கட்டிய சைக்கிள்கள்.

எனக்குக் கிடைத்தது கலவின்கா. தோக்கியோவின் மெகுரோவில் இருக்கும் பட்டறை. அந்தப் பெயரை முதலில் பார்த்தபோதே ஏதோ தெரிந்த சொல் போல இருந்தது. தேடிப் பார்த்தேன். நம் பக்கத்துச் சொல்லேதான். சமஸ்கிருதத்தில் கலவிங்கம், பௌத்த நூல்களில் வரும் பறவை. உடல் பறவை, முகம் மனிதர். முட்டைக்குள் இருக்கும்போதே பாடத் தொடங்கிவிடுமாம். இந்தியாவிலிருந்து சீனா வழியாக இங்கே வந்து ஒரு இரும்புக் குழாயில் ஒட்டி நிற்கிறது. அதைப் பார்த்த அன்றே என்றாவது ஒரு கலவின்கா வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் நல்ல நிலையில் இருப்பதன் விலை எனக்குக் கட்டாது. நான்கு வருடம் ஏலத் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன மாசியில் ஒன்று வந்தது. இரண்டே படங்கள். "சீட் போஸ்ட் அசையவில்லை, துரு இருக்கிறது, இருக்கும் நிலையிலேயே விற்பனை" என்று எழுதியிருந்தது. சீட்டைத் தாங்கும் தண்டுதான் சீட் போஸ்ட். அதனாலேயே போட்டி இல்லை. 38,000 யென்னுக்கு முடிந்தது.

பெட்டியைப் பிரித்துத் தரையில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். அடர் நீலம். கீழ்க்குழாயில் பெயர் பாதி உரிந்திருந்தது. கிராங்க் உட்காரும் குழலின் அடியில் என்ஜேஎஸ் முத்திரையும் வரிசை எண்ணும். மேல்குழாயில் வெள்ளையில் ஒருவருடைய பெயர், கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தில். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கமாக விற்பதற்கு முன் பெயரை அழித்துவிடுவார்கள். இதில் அப்படியே விட்டிருந்தார்கள்.

இந்த ஃபிரேம்கள் கடையில் தொங்குகிற பொருள் இல்லை. வீரர் பட்டறைக்கு நேரில் போய்த் தன் கால் நீளம், கை நீளம், தான் ஓட்டுகிற விதம் எல்லாம் சொல்லி, அதற்கேற்பச் செய்து வாங்குவது. ஆக நான் வாங்கியது இன்னொரு மனிதருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மேல்குழாயின் இரு பக்கமும் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. விழும்போது ஹாண்டில்பார் முழுதாகத் திரும்பி வந்து அடித்த இடம். வலப் பக்கப் பள்ளம் ஆழம். அந்தப் பக்கம்தான் பலமாக விழுந்திருக்கிறார். பையில் போட்டு ரயிலில் ஊர் ஊராகத் தூக்கிப் போனதில் பெயிண்ட் தேய்ந்த இடங்கள் தனி. பின்சக்கரம் பூட்டும் இடத்தில் நட்டின் பற்கள் இரும்பைக் கடித்துக் கடித்து ஒரு வட்டமே பதிந்திருந்தது. ஆயிரம் தடவையாவது கழற்றிப் பூட்டியிருப்பார். இவர்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே பிரித்துத் தாங்களே பூட்டுகிறவர்கள்.

எங்கள் தெருவைத் தாண்டி ஒரு சைக்கிள் கடை உண்டு. கூடை வைத்த சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டும் சாதாரணக் கடைதான். எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் நடத்துகிறார். என்னை "நீச்சான்" என்று கூப்பிடுவார், அண்ணா என்று பொருள். நம் ஊர்க் கடைக்காரர்கள் சின்னப் பையனையும் "என்னண்ணே" என்பார்களே, அதே பழக்கம். நான் அவரைத் திரும்ப மாமா என்ற அர்த்தத்தில் ஓஜிசான் என்பேன். இளம் வயதில் வீரர்களின் சக்கரங்களைப் பூட்டிக் கொடுத்தவர் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஃபிரேமைக் கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேல்குழாயில் இருந்த பெயரைக் கட்டை விரலால் தடவினார்.

"இவரைத் தெரியும்" என்றார். "எப்பவும் முன்னாடி போறவர். ஜெயிச்சதைவிட அடுத்தவனை ஜெயிக்க வைச்சது அதிகம்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஃபிரேமைத் திருப்பி வைத்து ஒரு நூலை எடுத்தார். தலைக்குழாயிலிருந்து பின்சக்கரம் பூட்டும் பின்முனைவரை இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பின்முனைகளுக்கு நடுவே 120 மில்லிமீட்டர், துல்லியமாக இருந்தது. விழுந்திருக்கிறது, ஆனால் கோணவில்லை.

"பெயிண்ட் அடிக்கப் போறியா?" என்று கேட்டார்.

அதுவரை அடிப்பதாகத்தான் இருந்தேன். அதே நீலத்தில், புதுப் பெயர்த்தாள் ஒட்டி, கண்ணாடி போல. புதிதாக அடித்தால் மேல்குழாய்ப் பெயர் போய்விடும். பள்ளங்களை நிரப்பிவிடுவார்கள். நட்டுக் கடித்த தடத்தை அரம் போட்டு மழுங்கடித்துவிடுவார்கள். யாரோ ஒருவர் பதினைந்து, இருபது வருடம் காற்றை வாங்கி ஓட்டிய தடயம் ஒன்றுகூட மிஞ்சாது. கடையில் நின்றே தீர்மானித்துவிட்டேன். துருவை நிறுத்துவது, ஓட வைப்பது, அவ்வளவுதான். மற்றதில் கை வைக்கப் போவதில்லை.

சரி, சீட் போஸ்ட். இதைச் செய்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். அலுமினியத் தண்டு, இரும்புக் குழாய். நடுவில் கிரீஸ் காய்ந்து, வியர்வையும் மழைத் தண்ணீரும் இறங்கிவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரிக்கத் தொடங்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஊதிக்கொள்ளும். பிறகு அது தனிப் பொருளாகவே இருக்காது. கெய்ரின் வீரர்கள் வியர்வையை ஊற்றுகிறவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கிராங்க் குழலில் இருந்த கப்புகளைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, கீழ்வழியாக 5-56 என்ற துரு இளக்கும் எண்ணெயை அடித்தேன். எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு இங்கே 5-56. ஒரு வாரம், காலையும் மாலையும். அசையவில்லை. பிறகு நான் வேலை செய்யும் கியர் தொழிற்சாலையில் மேலாளரிடம் கேட்டு, சனிக்கிழமை வைஸில் தண்டின் தலையை இறுக்கி, ஃபிரேமையே பெரிய நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம். விட்டுவிட்டது என்று மனம் துள்ளியது. பார்த்தால் தண்டு முறுக்கிக்கொண்டு, குழாய் விளிம்புக்கு ஒரு விரல் மேலே பிளந்திருந்தது. இதற்கு மேல் திருப்பினால் ஃபிரேமே முறுக்கிவிடும்.

இனி ஒரே வழி, ஆக்ஸா பிளேடு. மிஞ்சி நின்ற தண்டை விளிம்புக்கு மேலே அறுத்துவிட்டு, பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தண்டின் உள்ளே விட்டு, உள்ளிருந்து வெளியே நீளவாக்கில் அறுக்க வேண்டும். தண்டின் சுவர் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதைத் தாண்டினால் ஃபிரேமின் சுவர், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய இரும்பு. இங்கிருந்து அங்கே போய்விட்டோமா என்று கண்ணால் பார்க்க முடியாது. காதும் கையும்தான். அலுமினியத்தை அறுக்கும்போது பிளேடு மெத்தென்று போகும், சத்தம் அடங்கி இருக்கும், வெள்ளி மாதிரி பெரிய துகள் விழும். இரும்பைத் தொட்டவுடன் பிளேடு வழுக்கும், சத்தம் கூர்மையாகும், துகள் கருத்து மாவாகும். பத்து இழுப்புக்கு ஒருதரம் நிறுத்தி, விரலில் துகளை எடுத்து விளக்கில் பார்ப்பேன். வெள்ளி என்றால் இன்னும் பத்து.

ஒரு பிளவு போட இரண்டு மாலை ஆனது. முதல் பிளவுக்கு எதிரே இன்னொன்று போட இன்னும் இரண்டு மாலை. நான்காம் நாள் ராத்திரி பத்து மணிக்கு, உளியின் முனையால் ஒரு விளிம்பை உள்பக்கமாக மடக்கியபோது, வெள்ளைப் பொடி பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பாதி தானே சுருண்டு கைக்கு வந்தது. மற்றப் பாதியை இடுக்கியால் பிடித்துச் சுழற்றியதும் முழுதாக உருவிக்கொண்டு வந்தது. பதினான்கு சென்டிமீட்டர். கீழ்முனையில் நிட்டோ நிறுவனத்தின் எழுத்து இன்னும் படிக்கும்படி இருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்திலும் கையில் வாங்கிப் பார்த்து, "இத்தனை வருஷம் உள்ளேயே இருந்துச்சா" என்றாள்.

மறுநாள் கடைக்காரர், குழாயின் உள்சுவரைச் சீவும் 27.2 மில்லிமீட்டர் ரீமரை இறக்கிக் குழாயின் உள்ளைச் சுத்தம் செய்து கொடுத்தார். புதுத் தண்டு தன் எடையிலேயே சறுக்கிக்கொண்டு இறங்கியது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

துருவை எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பின்முனைகளிலும் ஃபோர்க்கின் நுனியிலும் குரோம் பூச்சு இருந்தது, அங்கங்கே சிவப்புப் புள்ளிகளோடு. சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போதும். கறுப்பாகக் குழம்பு வரும், துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். குரோம் கீறாது. பெயிண்ட் உரிந்த இடங்களில் நுண்ணிய தாளால் துருவை மட்டும் எடுத்து, நிறமில்லாத வார்னிஷைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். உள்குழாய்களில் துரு தடுக்கும் எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் உருட்டினேன்.

பிறகு சாமான் சேர்த்தது. எல்லாம் பழையதும் புதியதுமாகக் கலந்து, எல்லாவற்றிலும் முத்திரை இருக்கும்படி. சுகினோ 75 கிராங்க், துரா ஏஸ் ஹப்புகள், தங்க நிற அராயா ரிம், நிட்டோவின் இரும்பு ஹாண்டில்பார், கஷிமாக்ஸ் சீட், இசுமி செயின். இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வதே எனக்கு ஒரு சந்தோஷம். ஃபோர்க் திரும்புவதற்காகத் தலைக்குழாயில் இருக்கும் ஹெட்செட்டின் கீழ்க் கப்பில் பால்ரஸ் குண்டுகள் குழி போட்டிருந்தன. ஃபோர்க்கை மெதுவாகத் திருப்பினால் நடுவில் கடக்கென்று பிடித்துக்கொள்ளும். நேராகவே ஓடிய வண்டியில் அப்படித்தான் ஆகும். அதை மாற்றினேன். கிராங்க் குழலின் வலது கப்புக்கு எதிர்த்திசை மரை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பலம் காட்டினால் மரையே போய்விடும்.

அந்தக் கப்புகளில் பக்கத்துக்குப் பதினொன்றாக, கால் இஞ்சுப் பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து வைத்தபோது மன்னார்குடி ஞாபகம் வந்தது. மாமா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் ஓவராயிலுக்கு வரும் வண்டிகளின் குண்டுகளை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக் கழுவுவது என் வேலை. கோன் இறுக்கும்போது மாமா சொல்லுவார், "இறுக்கிட்டு ஒரு மயிரிழை விடுடா, அது மூச்சு விடணும்." இங்கேயும் அதேதான். இறுக்கி, ஒரு மயிரிழை விட்டு, லாக் ரிங் போட்டேன். விரலால் தட்டிவிட்ட கிராங்க் சத்தமே இல்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது.

சக்கரத்தையும் நானே பின்னினேன். முப்பத்தாறு போக்ஸ் கம்பி. கோட்டம் எடுப்பது மாமா கடையில் கற்றது, ஆனால் இந்த அளவு துல்லியத்துக்குப் போனதில்லை. பந்தயச் சக்கரங்களில் கம்பிகள் குறுக்கிடும் இடத்தை மெல்லிய கம்பியால் கட்டி ஈயம் வைத்துவிடுவார்கள். வளைவில் சக்கரம் நெளியாமல் இருப்பதற்காக என்பார்கள். பின்சக்கரத்துக்கு மட்டும் அதைச் செய்து தரும்படி கடைக்காரரைக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதினெட்டு முடிச்சும் ஒரே மாதிரி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். கை நடுங்கவே இல்லை. டயர், உள்ளே டியூப் வைத்துத் தைத்துவிட்ட வகை, ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். பசை காயும்வரை பொறுமை வேண்டும், வேறொன்றும் இல்லை.

இப்போது பிரேக். அரங்கத்துக்குள் பிரேக் கிடையாது, ஒருவர் திடீரென்று பிடித்தால் பின்னால் வருகிற எட்டுப் பேரும் விழுவார்கள். ஆனால் சாலையில் முன்னும் பின்னும் பிரேக் இருந்தாக வேண்டும், ஜப்பானியச் சட்டப்படி. இல்லாவிட்டால் 50,000 யென் வரை அபராதம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வைத்திருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் தெருவில் காலை மட்டும் நம்பி இந்த வண்டியை ஓட்டுவது தப்பு என்றே நினைக்கிறேன். பிரேக் இல்லாமல் ஓட்டுவதை வீரம் என்று படம் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் என்னவென்றால் இந்த ஃபோர்க்கில் பிரேக் மாட்டத் துளையே இல்லை. துளை போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் போட்டால் போட்டதுதான், பிறகு அது பந்தய ஃபோர்க் இல்லை. ஃபோர்க்கின் இரு காலையும் முன்னும் பின்னும் கவ்விக்கொள்ளும் ஒரு தகடு கிடைக்கிறது, அதில் பிரேக்கை மாட்டிக்கொள்ளலாம். கவ்வும் இடத்தில் பழைய டியூப் துண்டை வைத்துப் பெயிண்டைக் காப்பாற்றினேன். பின்பக்கமும் அதே. நாளைக்கே கழற்றினால் வண்டி பழையபடி நிற்கும். பிரேக் கம்பிகள் அந்த ஹாண்டில்பாரில் அழகாக இல்லைதான், பரவாயில்லை.

கியரும் மாற்றினேன். அவர் காலத்தில் முன்னால் 50 பல், பின்னால் 14 பல் வழக்கம். ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏழரை மீட்டர் போகும். கடைசி நேரத்தில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட வேண்டுமானால் நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து அந்தக் கியரை நான் நகர்த்திப் பார்த்தேன், முட்டி வலித்தது. 48க்கு 18 போட்டுக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, விடிகாலை ஐந்து மணி. ரோக்குகோ பாலத்தடியில் தாமா ஆற்றங்கரைப் பாதையில் ஏறி, கடல் பக்கமாகத் திருப்பினேன். முதல் நூறு மீட்டரில் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தப் பார்த்தேன், பெடல் என் காலை மேலே தூக்கிவிட்டது. ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் சக்கரம் சுற்றும்வரை கால் சுற்ற வேண்டும். அரைக் கிலோமீட்டரில் உடம்பு அதை ஒப்புக்கொண்டது. அதன்பின் செயின் சத்தம்கூட இல்லை. டயர் தரையில் உரசும் மெல்லிய சீறல் மட்டும். சின்னதாக ஒரு அழுத்தம் கொடுத்தாலும் வண்டி உடனே முன்னால் பாய்ந்தது, நடுவில் எதுவும் வீணாகாத மாதிரி. தாய்ஷி பாலம் நெருங்கும்போது ஹனேதா விமான நிலையத்தில் இறங்கும் விமானம் ஒன்று தூரத்தில் தாழ்ந்து போனது. அங்கிருந்து எதிர்காற்று. தலையைத் தாழ்த்தினேன், கண்ணுக்கு நேரே கீழே மேல்குழாயில் அந்த வெள்ளைப் பெயர். அவர் தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் பார்த்தது இதைத்தான். ஹாண்டில்பார் எனக்கு ஒரு சென்டிமீட்டர் தூரம் அதிகம். அவர் கை என் கையைவிட நீளம். ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குறைத்துச் சரி செய்யலாம். இன்னும் செய்யவில்லை.

புதுச் செயின் கொஞ்சம் தளரும் என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் வண்டியைத் தலைகீழாக வைத்து, பதினைந்து நம்பர் ஸ்பேனரால் பின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை உருவினேன். நட்டு உட்கார்ந்த இடத்தைத் துணியால் துடைத்தபோது தெரிந்தது. என் கியரின் பற்கள் வேறு என்பதால், அதே நீளச் செயினில் அச்சு நாலு மில்லிமீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய நட்டு கடித்த வட்டம் ஆழமாக, வழவழப்பாக, கறுத்து இருந்தது. அதன்மேல் பாதி ஏறி, பிறை மாதிரி, புதுசாக வெள்ளையாக இன்னொரு கடி.

சக்கரத்தைத் திரும்ப மாட்டி, செயின் நடுவில் அரை இஞ்சு ஆடும்படி விட்டு, நட்டை இறுக்கினேன். பத்தரை மணிக்கு அரங்கத்தில் முதல் பந்தயத்தின் மணி அடித்தது.